தொட்டியில் விட்டுவைத்த நாலு விரல் தண்ணீர்

எதைச் சொன்னாலும் "ஏன்?" என்று திருப்பிக் கேட்ட என் கோமதி மதினிக்கு,

நீங்கள் கண்ணை மூடி இரண்டு வருஷம் ஆகிவிட்டது. இன்றைக்கு உட்கார்ந்து எழுதக் காரணம் உங்கள் மகள் செல்வி. மேலநீலிதநல்லூரில் வாக்கப்பட்டவள், ஏழு மாதம் முழுகாமல் இருக்கிறாள். இந்த வருஷம் மழை பொய்த்துவிட்டது, அவள் தெருவில் வீட்டுக்கு வீடு குளிர்காய்ச்சல். பிள்ளைத்தாய்ச்சிக்கு அது வந்தால் வயிற்றில் இருப்பதற்கும் ஆபத்து. அது ஒன்று. இன்னொன்று, உங்களிடம் ஒரு பொய்யை ஒத்துக்கொள்ள வேண்டும்.

எமர்ஜென்சி எடுத்த மறு வருஷம் நினைவிருக்கிறதா? அப்போதும் சொட்டு மழை இல்லை. நான் மலேரியா வேலைக்குச் சேர்ந்த புதுசு. காக்கிப் பையும் சைக்கிளுமாகச் சங்கரன்கோவிலில் தெருத்தெருவாகப் போய், காய்ச்சல்காரர்கள் விரலில் குத்தி ரத்தம் எடுத்துக் கண்ணாடித் துண்டில் தடவி அனுப்புவேன். சாக்கடையில் மருந்தெண்ணெய் ஊற்றுவேன். உங்கள் முற்றத்துச் சிமெண்ட் தொட்டியையும் எட்டிப் பார்த்தேன். அடி தெரிகிற தெளிந்த தண்ணீர். 'சுத்தம்' என்று சுவரில் என் கையாலேயே எழுதினேன்.

பதினைந்தாம் நாள் செல்விக்கு முறைக்காய்ச்சல். அப்போது அவளுக்குப் பத்து வயசு. ஒருநாள் விட்டு ஒருநாள், மூன்று போர்வை போட்டும் கட்டில் ஆடியது.

"என்ன கொழுந்தனாரே, சுத்தம்னு எழுதுன வீட்டுக்குள்ள காய்ச்சல் எப்படி வந்துச்சு?" என்று கேட்டீர்கள். சாக்கடைக் கொசு என்றேன். "நம்ம தெருவுல சாக்கடையே காஞ்சுல்லா கெடக்கு. எங்க ஊரு கரிவலத்துல கிணத்துத் தண்ணி பாஞ்சு வயக்காட்டுல நிக்குது, எங்க அம்மா வீட்டுல ஒருத்தருக்கும் ஒண்ணுமில்ல. குடிக்கத் தண்ணியில்லாத ஊருல கொசு எங்கன போயி முட்டை போடும்?" அந்தக் கேள்வியை அப்படியே ஆபீசில் கேட்டேன். போய் வேலையைப் பாரும் என்றார்கள்.

நீங்கள் விடவில்லையே! தொட்டித் தண்ணீரைச் சொம்பில் மோந்து வெயிலில் பிடித்துப் பார்த்தீர்கள். மேலே படுத்தவாக்கில் சின்னச் சின்னப் புழு. அதை ஊறுகாய் பாட்டிலில் விட்டு, வாயில் துணி கட்டி ஜன்னலில் வைத்தீர்கள். அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். "ஏட்டி, பிள்ளை காய்ச்சல்ல கெடக்கு, நீ கொசு வளக்கியா?"

சில நாளில் பாட்டிலுக்குள் கொசு பறந்தது. "பாருங்க கொழுந்தனாரே, சாக்கடைக் கொசு மாதிரியா இருக்கு? பின்பக்கத்தத் தூக்கிட்டுல்லா உக்காந்திருக்கு, நீங்க ஆபீசரக் கும்பிடுத மாதிரி!" காய்ச்சல்கார வீடு என்பதையும் மறந்து சிரித்துவிட்டோம். மலேரியாக் கொசு அப்படித்தான் உட்காரும்.

குழாய்த் தண்ணீர் வாரத்துக்கு ஒருமுறை வந்த காலம். வந்ததைப் பிடித்து வைப்போம். எவ்வளவு தட்டுப்பாட்டிலும் தொட்டியின் அடியில் நாலு விரல் தண்ணீரை விட்டுவைப்போம். தொட்டி வற்றினால் குடும்பம் வற்றும் என்று நம் வீடுகளில் ஒரு பயம் உண்டல்லவா? மழை இல்லாததால் தெரு முழுக்கத் தொட்டி. ஒவ்வொன்றின் அடியிலும் மாதக்கணக்கில் மாறாத அந்த நாலு விரல். கொசு அங்கேதான் குடியிருந்திருக்கிறது.

நீங்கள் அந்தத் தண்ணீரைத் துணியில் வடிகட்டிப் பித்தளைக் குடத்தில் ஊற்றி மூடினீர்கள். "வீட்டுல தண்ணி இருக்குல்லா? தொட்டியில இருந்தா என்ன, குடத்துல இருந்தா என்ன?" என்றீர்கள். பிறகு தொட்டியைத் தேய்த்துக் கழுவி மத்தியானம்வரை காயவிட்டீர்கள். வாரம் தவறாமல் அதையே செய்தீர்கள். மாத்திரையில் செல்வியும் தேறினாள்.

தொட்டி விஷயத்தை ஆபீசில் எழுதிக் கொடுத்தேன். மாதக் கூட்டத்தில் அதிகாரி, "யாருய்யா இதைக் கண்டுபிடிச்சது?" என்றார். "நான்தான் சார்" என்றேன். எல்லாரும் கை தட்டினார்கள். அதற்கப்புறம் பத்து வருஷமாக, போகிற ஊரிலெல்லாம் அதை என் கதையாகவே சொல்லி வந்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது மதினி.

போன ஞாயிற்றுக்கிழமை செல்வி வீட்டுக்குப் போனேன். தொட்டியில் அதே புழு. காலி செய்யச் சொன்னதும் அவள் மாமியார் குறுக்கே வந்து நின்றார். "பிள்ளைத்தாச்சி இருக்குத வீட்டுல தொட்டிய வத்த வைக்கதா? ஆபீஸ்காரவுக ஆயிரம் சொல்லுவீய. நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா நீங்களா வந்து நிப்பீய?"

குடத்து யோசனையைச் சொன்னேன், நான் கண்டுபிடித்ததாகத்தான். அந்த அம்மாள் அசையவில்லை. செல்வி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் முழங்கையில் ஒரு கொசு உட்காருவதைப் பார்த்தேன். அடிக்கக் கை ஓங்குவதற்குள் அது பறந்துவிட்டது.

"நான் சொன்னது பொய் சம்பந்தி," என்றேன். "கண்டுபிடிச்சது நான் இல்ல. இவ அம்மா. இவ குளிர்ல நடுங்கிக் கெடக்கும்போது, இவ உசுருக்காகத்தான் எங்க மதினி தொட்டியக் காலி பண்ணுனாக."

"பெத்தவ செஞ்சதா? அப்ப பிள்ளைக்கு ஆகாதத செஞ்சிருக்க மாட்டா," என்றார் அந்த அம்மாள். பிறகு உள்ளே போய்க் குடத்தை அவரே எடுத்துவந்தார். பத்து வருஷமாக உங்கள் பெயரைச் சொல்லியிருந்தால் இன்னும் எத்தனை வீட்டில் குடம் வெளியே வந்திருக்கும் மதினி?

அன்றைக்கே செல்வியின் விரலில் குத்தி எடுத்த ரத்தத்தில் ஒன்றும் இல்லை என்று நேற்றுத் தெரிந்தது. அன்றைக்கு அவள் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "நீங்க உங்க கதையாச் சொல்லிக்கிட்டது அம்மாவுக்குத் தெரியுமா சித்தப்பா?" தெரியாது மக்கா என்றேன். ஆனால் கை தட்டு வாங்கிய அன்று மத்தியானம் எனக்குச் சோறு போட்டுக்கொண்டே, "என்ன கொழுந்தனாரே, இன்னைக்கு முகம் ஒரு மாதிரி இருக்கு?" என்றீர்களே. சும்மாவா கேட்டீர்கள்?

பிள்ளை பிறக்கும்வரை வாரம் ஒருமுறை செல்வி வீட்டுத் தொட்டியை நானே கழுவிக் காயப்போடுவேன். வருகிற மாதக் கூட்டத்தில் எழுந்து நின்று, கண்டுபிடித்தது எங்கள் மதினி கோமதி என்று சொல்வேன். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று அதிகாரி கேட்பார். அதற்கும் உண்மையையே சொல்லிவிடுகிறேன்.

உங்கள் சோற்றைத் தின்று உங்கள் பெயரை விழுங்கிய கொழுந்தன்,
முருகேசன்