புள்ளடி போட்ட வாக்குகள்

அண்ணை,

போன சனிக்கிழமை இங்கே தேர்தல். பக்கத்துப் பள்ளிக்கூட மண்டபத்தில், அட்டைத் தடுப்புக்குள் குனிந்து நின்று, நூலில் கட்டியிருந்த பென்சிலை எடுத்தேன். புதிதாகச் சீவிய மரத்தின் வாசம் மூக்கில் ஏறியது. அவ்வளவுதான். எந்தக் கட்டத்தில் எந்த இலக்கம் என்பதை மறந்து அப்படியே நின்றுவிட்டேன். மேசையில் இருந்த பிள்ளை வந்து "ஆர் யூ ஓகே?" என்று கேட்ட பிறகுதான் அசைந்தேன். நீங்கள் போய் இன்னும் இரண்டு மாதம் ஆகவில்லை.

எழுபதுகளில் மெல்பேர்னில் நாங்கள், இலங்கைத் தமிழர், ஒரு கை விரலுக்குள் அடங்கும் குடும்பங்கள். நீங்கள் ரயில்வேயில் பொறியியலாளர், நான் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் புதிது. இரண்டு பெரிய கட்சிகளையும் பிடிக்காத ஆசிரியர்களும் பாதிரிமாரும் சேர்ந்து நடத்திய ஒரு சின்னக் கட்சியில் நீங்கள் எப்படியோ போய்ச் சேர்ந்திருந்தீர்கள். அதன் கூட்டங்களில் தேநீர் தண்ணீராக இருக்கும், பேச்சு மட்டும் நீளமாக இருக்கும். "இவையள் ஒருநாளும் ஆட்சிக்கு வரமாட்டினம் தங்கச்சி. அதாலதான் நல்ல மனிசராய் இருக்கினம்" என்பீர்கள்.

பிறகு ஊரில் தமிழருக்கு எதிராகக் கலவரம் வந்தது. கண்டியில் உங்கள் தங்கையின் வீட்டை எரித்தார்கள். அவர் பிள்ளைகளோடு உடுத்த உடுப்புடன் கொழும்புக்கு வந்து கப்பலேறி வடக்கே போய்ச் சேர்ந்தார். இங்கே பத்திரிகையில் அது உள்பக்கத்தில் நாலு வரி. நீங்கள் அந்த நாலு வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தது எனக்குத் தெரியும்.

அந்த நேரத்தில்தான் செனட் சபைத் தேர்தல் அறிவித்தார்கள். கட்சியின் பட்டியலில் முதலாவதாக யார் பெயர் வருவது என்பதை மாநில மாநாட்டில் உறுப்பினர்கள் வாக்களித்துத் தீர்மானிப்பார்கள். முதல் பெயர்க்காரருக்கு வானொலியில் பேச நேரம் கிடைக்கும். உங்களுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். "நான் வெல்லத் தேவையில்லை. அந்தக் கொஞ்ச நேரம் காணும். அங்க நடந்ததை நடந்தபடி சொல்லிப்போட்டு இறங்கிடுவன்" என்றீர்கள். எங்கள் ஆட்கள் எல்லோரும் உங்களுக்காகவே கட்சியில் சேர்ந்தோம்.

மாநாட்டுக்கு முதல் வாரம் உங்கள் வீட்டுக் குசினியில் வகுப்பு வைத்தீர்கள். புதிதாகச் சீவிய பென்சிலால் அட்டையில் நாலு கட்டம் கீறி, உங்கள் பெயருக்கு ஒன்று, மற்றவர்களுக்கு இரண்டு, மூன்று, நாலு, எந்தக் கட்டத்தையும் வெறுமையாக விடக்கூடாது என்று காட்டினீர்கள். நாங்களோ, பிடித்தவரின் பெயருக்கு நேரே பெருக்கல் குறி மாதிரி ஒரேயொரு புள்ளடி போட்டுப் பழகியவர்கள். வேறு எதைக் கிறுக்கினாலும் வாக்குப் பழுது என்று ஊரில் படித்துப் படித்துச் சொல்லி வளர்த்திருந்தார்கள். பிஸ்கட் தொழிற்சாலையில் வேலை செய்த பரமேஸ், உங்களோடு போட்டி போடுகிறவனுக்கு நாங்கள் ஏன் இரண்டு கொடுக்க வேண்டும் என்று கேட்டாள். நீங்கள் சிரித்துச் சிரித்து விளக்கினீர்கள். எல்லோரும் ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டு இடியப்பத்துக்குப் போனார்கள்.

மாநாடு நடந்தது கோபர்க் பக்கத்தில் ஒரு தேவாலய மண்டபத்தில். எங்கள் பெண்கள் கூறைச் சேலை தவிர மிச்சமெல்லாம் உடுத்திக்கொண்டு வந்திருந்தார்கள். அவர்கள் பொரித்துக் கொண்டுவந்த ரோல்ஸ் பத்து நிமிடத்தில் காலி. உங்கள் பேச்சு முடிந்தபோது மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

வாக்கு எண்ணும்போது உங்கள் சார்பில் நான் பக்கத்தில் நின்றேன். எண்ணியவர் மார்ஜரி, இளம் பள்ளி ஆசிரியை. உங்களுக்குத்தான் தன் வாக்கு என்று காலையிலேயே எல்லோரிடமும் சொல்லித் திரிந்தவர். ஒரு சீட்டைப் பிரித்து நிறுத்தினார். உங்கள் பெயருக்கு நேரே ஆழமான ஒரு புள்ளடி, மிச்சக் கட்டங்கள் வெறுமை. அடுத்து இன்னொன்று. பிறகும் வந்தன. அது எங்கள் ஆட்களின் கை என்று பார்த்தவுடனே எனக்குத் தெரிந்தது. விருப்பம் தெளிவாகத் தெரிகிறதே என்று நான் வாதாடினேன். மார்ஜரி விதியை வாசித்தார், தலைவரிடம் கொண்டுபோனார், திரும்பி வந்தபோது கண் கலங்கியிருந்தது. பழுதென்று ஒதுக்கிய அந்தச் சீட்டுகள் ஒரு பக்கத்தில் கிடந்தன. நீங்கள் தோற்ற வித்தியாசம் அவற்றைவிடக் குறைவு. நான் என்ன செய்ய முடியும் அண்ணை? பார்த்துக்கொண்டு நின்றேன்.

திரும்பும்போது உங்கள் காரில் பரமேஸும் வந்தாள். வழியெல்லாம் அழுதாள். "நாங்கள் வேற ஒருத்தருக்கும் ஒண்டும் போடேல்ல அண்ணை. உங்களுக்கு மட்டும்தான் புள்ளடி போட்டனாங்கள்" என்றாள். நீங்கள் வீதியை விட்டுக் கண்ணை எடுக்காமல், "ஓம் பிள்ளை, தெரியும்" என்றீர்கள்.

பரமேஸை இறக்கிவிட்டு என் வீட்டு வாசலுக்கு வந்தபோது என்னிடம் சொன்னீர்கள். "தங்கச்சி, இதை அவையளுக்குச் சொல்லிப்போடாதேங்கோ. என்னில வைச்ச அன்பாலதான் நான் தோத்தனான் எண்டு தெரிஞ்சால் தாங்கமாட்டினம்." சொல்லமாட்டேன் என்றேன்.

உண்மை தெரியாத இடத்தில் வேறொரு கதை வந்து குந்திக்கொண்டது. வெள்ளைக்காரர் கைதட்டிவிட்டு வாக்கை மாற்றிப் போட்டார்கள் என்று எங்கள் வீடுகளில் பேசிக்கொண்டார்கள். நீங்கள் மெல்லமாக மறுத்தீர்கள். உங்கள் பெருந்தன்மை என்றார்கள். அதற்குப் பிறகு ஒருவரும் அந்தக் கட்சிப் பக்கம் போகவில்லை. வென்றவர் வானொலியில் யுரேனியம் தோண்டுவது பற்றி நன்றாகவே பேசினார். உங்கள் வீட்டில் இருந்து சேர்ந்து கேட்டோம். பேச்சு முடிந்ததும் நீங்கள் எழுந்துபோய் நெடுநேரம் முகம் கழுவினீர்கள்.

உங்கள் செத்தவீட்டுக்கு ட்ருகனினாப் புறநகரிலிருந்து பரமேஸைப் பேரன் கூட்டிவந்திருந்தான். மார்ஜரியும் ஊன்றுகோலோடு வந்திருந்தார். பரமேஸைக் கண்டு, அடையாளம் தெரிந்து, இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு போனார். பரமேஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "இவையள்தான் அந்த மனிசனை வெல்ல விடாத ஆக்கள்" என்று பேரனுக்குச் சொன்னாள். அவனுக்குத் தமிழ் பாதிதான் விளங்கும், ஆனால் அது விளங்கியது. மார்ஜரியை அவன் பார்த்த பார்வையை நான் பார்த்தேன்.

மார்ஜரி என் பக்கத்துக் கதிரையில் வந்து இருந்து, தான் ஏதும் பிழை செய்துவிட்டேனா என்று கேட்டார். இல்லை என்றேன். பரமேஸிடம் உண்மையைச் சொன்னால் அவள் உடைந்துபோவாள். சொல்லாவிட்டால் அந்தப் பையன் இதை நம்பிக்கொண்டே வளர்வான். சொல்லலாம் தங்கச்சி என்று அந்த வாக்கிலிருந்து என்னை அவிழ்த்துவிடக்கூடிய ஒரே ஆள் நீங்கள். உங்களை அப்போது பெட்டியை மூடிக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார்கள்.