ஏற்றத்தில் மூன்றாவது கியர்

ஈப்போ,
ஞாயிறு மாலை.

என் அன்புக் கணவர் அபாங் ஷுக்ரிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நான் நலம். தோள்பட்டையும் நலம், துணி உலர்த்தும்போதுகூட வலிப்பதில்லை. நீங்கள் போனை எடுப்பதில்லை என்பதால் எழுதுகிறேன். கடிதம் என்றால் உங்கள் அம்மா அதை உங்கள் கையில் திணித்தே தீருவார்கள்.

ஆறு மாதமாக சுங்கைப்பட்டாணியில் அம்மா வீட்டில் இருக்கிறீர்கள். கால் கட்டுப் பிரித்தே மூன்று மாதம் ஆயிற்று. "பஸ்ஸும் வேணாங்கிறான், காரும் வேணாங்கிறான், உன் பேர எடுத்தாலே கோழிக்குத் தீனி போட எந்திரிச்சுப் போயிடறான்" என்று அம்மா சொன்னார்கள். பாவம் கோழிகள், தின்றே செத்துவிடும்.

"வண்டிய வித்துடு" என்று சொல்லி அனுப்பினீர்கள். நம் மோட்டார்சைக்கிளை நான் விற்கவில்லை. மெக்கானிக் ஆ கியோங்கின் பட்டறையில் கொடுத்து முன்சக்கரம், சங்கிலி, பிரேக் எல்லாம் மாற்றிவிட்டேன். ஹைவேயில் போகப் போகிறேன் என்றதும் அவன் சிரித்தான். "அக்கா, இது நூத்திப்பத்து சிசி. லாரி தும்முனா காட்டுக்குள்ள கிடப்பீங்க" என்றான். "பின்னாலருந்து தும்மட்டும்டா, பெட்ரோல் மிச்சம்" என்றேன்.

இன்று காலை கோலகங்சார் வரை போய்விட்டு வந்தேன். உங்களைப் போலவே ஜாக்கெட்டை முன்பின்னாக மாட்டிக்கொண்டேன். காற்று நெஞ்சில் அறையவில்லை. டோல்கேட்டில் மோட்டார்சைக்கிள்களுக்கென்று விட்டிருக்கும் இடதுபக்கச் சந்து வழியாகக் காசில்லாமல் நுழைந்தேன். பிறகு இடது ஓரம், எண்பது. அதற்கு மேல் கேட்டால் கைப்பிடி நடுங்குகிறது, அதனால் கேட்கவில்லை. பெரிய பைக்குகள் ஊளையிட்டுக்கொண்டு போயின. அவர்களுக்கு என்ன அவசரமோ. பஸ் கடக்கும்போது காற்று முதலில் இழுக்கிறது, பிறகு தள்ளுகிறது. முதல் பஸ்ஸுக்கு பிஸ்மில்லா சொன்னேன், பத்தாவது பஸ்ஸுக்குச் சொல்ல மறந்தே போனேன்.

மெனோரா மலை ஏற்றத்தில் மூன்றாவது கியருக்கு இறக்கினேன். அறுபது, ஐம்பத்தைந்து. வண்டி முனகியதே தவிர நிற்கவில்லை. அங்கே லாரிகளும் தவழத்தான் செய்கின்றன. ஒரு லாரியை நான் முந்தினேன், நம்புங்கள்.

நாம் விழுந்த இடத்தையும் தாண்டினேன். அபாங், அன்று பின்னால் உட்கார்ந்திருந்தவள் நான். உங்கள் தோளுக்கு மேலே எல்லாவற்றையும் பார்த்தேன். லாரியின் கிழிந்த டயர் பாதை முழுக்கக் கிடந்தது. எந்தப் பக்கம் ஒடித்திருந்தாலும் விழுந்திருப்போம். "உன்ன நானே கொன்னுருப்பேன்" என்று ஆஸ்பத்திரியில் அழுதீர்கள். நீங்கள் கொல்லவில்லை. ஆனால் எனக்குக் கோபம் உண்டு. தோள் உடைந்ததற்கு இல்லை, என்னைத் தனியாக விட்டுப் போனதற்கு.

வரும் சனிக்கிழமை புறப்படுகிறேன். வழியில் ஒருமுறை பெட்ரோல் போட்டால் மதியத்துக்குள் வந்துவிடுவேன். மீன் போட்டுப் புளிக்குழம்பு வைக்கச் சொல்லி அம்மாவிடம் சொல்லுங்கள். இன்னொரு ஹெல்மெட்டும் கொண்டுவருகிறேன். ஞாயிற்றுக்கிழமை இருவரும் திரும்புகிறோம், நான்தான் ஓட்டுவேன். "பொண்டாட்டி ஓட்ட, பின்னால உக்காந்து போறான் பாரு" என்று உங்கள் கூட்டாளிகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், வெயிலில் பல் காயும்.

இறைவன் உங்கள் காலுக்கும் மனதுக்கும் பலம் தரட்டும். ஒன்றை மட்டும் மேலே எழுதாமல் விட்டேன். அந்த இடத்தைத் தாண்டும்போது ஹெல்மெட்டுக்குள் சத்தம் போட்டு அழுதேன். அழுதுகொண்டேதான் ஓட்டினேன். நீங்களும் என் முதுகில் சாய்ந்து அழுதுகொள்ளுங்கள், காற்றில் யாருக்கும் கேட்காது. வீட்டுக்கு மட்டும் வந்துவிடுங்கள்.

உங்கள்,
ருஸ்னானி