முதல் சொம்பு

மாமாவுக்கு,

பம்பாய்ப் பட்டறையை விட்டு எப்போது ஊருக்கு வரலாம் என்று கேட்டிருந்தீர்கள். அது நாளைக்குத்தான் தெரியும்.

நம் கொல்லையை ஒட்டிய பழைய தோல் கம்பெனி இடத்தில் கழிவுக் குழிகளை எல்லாம் தோண்டி அள்ளிவிட்டு, செம்மண் கொட்டி நிரவிவிட்டார்கள். பம்புசெட் செய்யும் மெட்ராஸ் முதலாளி ஒருவர் அங்கே ஆலை வைக்கப் போகிறாராம். நம் கவரைப்பேட்டையில் இப்போதே டீக்கடைக்கு இடம் பிடிக்கச் சண்டை. உங்களுக்கு ஃபிட்டர் வேலை நிச்சயம் என்கிறார் உங்கள் அண்ணன்.

ஆனால் மண்ணும் தண்ணீரும் சுத்தமாகிவிட்டதா என்று பார்க்க, முதலாளி நாளைக் காலை நம் கிணற்றடிக்கு வருகிறார்.

"நீதான் மொண்டு குடுக்கணும். இத்தத்தான் குடிச்சிக்கினு இருக்கோம்னு சொல்லு. வேற எதுனா பேசி பேஜாரு பண்ணாத, இன்னா?" என்றார் உங்கள் அண்ணன். நாங்கள் எல்லோருமோ இன்னும் ரயில் ஸ்டேஷன் குழாயில் பிடித்துத்தான் குடிக்கிறோம்.

தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கிறது. நாற்றமும் இல்லை. நான் முழுகாமல் இருந்த வருஷமும் தெளிவாகத்தான் இருந்தது. அதைத்தான் குடித்தேன், பிள்ளை தங்கவில்லை; அதற்கு மேல் எழுதத் தெம்பில்லை.

வந்தவர்களுக்குத்தான் முதலில் தண்ணீர் கொடுப்போம். நாளைக்கு மட்டும் முதல் சொம்பை உங்கள் அண்ணன் கையில் கொடுக்கப் போகிறேன். எல்லோரும் பார்க்க அவர் குடித்துவிட்டால் தந்தி அடிக்கச் சொல்கிறேன், நீங்கள் ரயில் ஏறுங்கள்.

குடிக்காமல் என்னை முறைத்தால், நீங்கள் அங்கேயே இருங்கள். நான் வருகிறேன்.

இப்படிக்கு,
நீங்கள் தாலி கட்டியவள்