சாட்சி சொன்ன நிறம்

மார்ச் 4, செவ்வாய்

இன்று ஒரு பால் வண்டியின் இன்ஜினை மறுத்தேன். ‘இயல்பான தேய்மானத்தால் ஏற்படும் பழுது இந்தக் காப்பீட்டில் அடங்காது.’ வேலைக்குச் சேர்ந்த வாரத்தில் தட்டச்சுசெய்யக் கற்ற வாக்கியம். இதுவரை ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற வேண்டி வந்ததில்லை. மனிதர்கள் பல விதமாகச் சாகிறார்கள். டீசல் இன்ஜின்களுக்கு அவ்வளவு கற்பனை கிடையாது. தண்ணீர் வற்றி, எண்ணெய் வற்றி, பெல்ட் அறுந்து, அல்லது உரிமையாளரின் மைத்துனர் ஓட்டி.

செத்த இன்ஜின்களைப் பற்றிப் படித்தே தலை நரைத்தவள் இப்போது உயிருள்ள ஒன்றை வாங்க வேண்டும். ஏப்ரல் கடைசியில் விருப்ப ஓய்வு. மலைமேல் வீடு தயார். தார் ரோடு ஓடையோடு முடிந்துவிடுகிறது. அதற்கப்புறம் மூன்று கிலோமீட்டர் சேறும் கல்லும் ஏற்றமும். நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி இல்லாமல் கேஸ் சிலிண்டர் ஏறாது, மழையில் ஆம்புலன்ஸும் ஏறாது. புதிது வாங்க என் ஓய்வுத்தொகை போதாது. ஆகவே பழையது.

இது இரண்டு பேர் போட்ட திட்டம். மற்றவள் குண்டூசி. ஆவண அறையில் இருந்தவள், என் பக்கத்து மேசை. காகிதமானாலும் ஆளானாலும் குத்தி வைக்காமல் விடமாட்டாள். போன வருடம் ஓய்வு பெற்றாள். ஜனவரியில் மருமகளுக்கு இரட்டைக் குழந்தை. “நீ போடி, நான் அப்பப்ப வரேன்” என்றாள். ‘அப்பப்ப’ என்பது எங்கள் அலுவலகத்தின் ‘பரிசீலனையில் உள்ளது’. அன்றிலிருந்து பேச்சு குறைந்துவிட்டது. யார் குறைத்தது என்று பதிவேதும் இல்லை.

இரண்டு பேர் போகும்போது வண்டி நின்றுபோனால் அது பிற்பாடு சொல்லிச் சிரிக்கிற கதை. ஒருவர் போகும்போது நின்றுபோனால் அது கோப்பு.

மார்ச் 9, ஞாயிறு

வண்டி பார்த்தேன். மரக்கடைக்காரருடையது. டீசல், நான்கு சக்கர இழுவை, பச்சை நிறம், அங்கங்கே வேறு பச்சை. அவர் என்னைப் பார்த்தார், எனக்குப் பின்னால் பார்த்தார், கேட்டைத் தாண்டித் தெருவையும் பார்த்தார்.

“சார் வரலையா மேடம்?”

“எந்த சார்?”

“இல்ல... கூட யாராச்சும்...”

“நான்தான் கூட வந்திருக்கேன்” என்றேன். அவருக்குப் புரியவில்லை. எனக்கும் முழுதாகப் புரியவில்லை.

டீசல் இன்ஜினைக் குளிர்ந்த நிலையில் கிளப்பிப் பார்க்க வேண்டும். நோயெல்லாம் அப்போதுதான் வெளியே வரும். பானெட்டில் கை வைத்தேன். சுட்டது.

“வெயில்ல நின்னுச்சு” என்றார். வண்டி தகரக் கொட்டகைக்குள் நின்றிருந்தது. நாங்கள் இருவரும் தகரத்தைச் சிறிது நேரம் பார்த்தோம்.

மார்ச் 11, செவ்வாய்

படித்ததில் தெரிந்தது: இந்தச் சோதனைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஆக்ஸிலரேட்டரை ஓங்கி மிதிக்க வேண்டும். ஒருவர் பின்னால் நின்று புகையைப் பார்க்க வேண்டும். கறுப்பு என்றால் பெரும்பாலும் காற்று வடிகட்டி, சில்லறைச் செலவு. வெள்ளை விடாமல் வந்தால் தண்ணீர் உள்ளே இறங்குகிறது. நீலம் என்றால் எண்ணெய் எரிகிறது, பிஸ்டன் வளையங்கள் தேய்ந்துவிட்டன, இனி அது எப்போது வேண்டுமானாலும் போகலாம்.

ஞாயிற்றுக்கிழமை மரக்கடைக்காரரே மிதித்தார். தூங்குகிற குழந்தையைத் தொடுவதுபோல் மிதித்தார். புகையே இல்லை.

ஆக, என் தரப்பில் ஒரு ஆள் வேண்டும். கைபேசியில் பெயர்ப் பட்டியலைப் பார்த்தேன். பல் டாக்டர். பிளம்பர் பழசு. பிளம்பர் புதுசு. எடுக்காதே ஒன்று. எடுக்காதே இரண்டு. அக்கா — அவள் தேசத்தில் இப்போது விடியவில்லை. மாடிவீட்டு அம்மாள் — தண்ணீர் மோட்டார் சண்டைக்குப் பிறகு அவரோடு பேச்சை நிறுத்தி வைத்திருக்கிறேன், அல்லது அவர் என்னோடு. ஒரு மைத்துனர் இல்லாத குறை இன்றுதான் உறைத்தது.

ஒரு மிதி மிதிக்க ஆள் இல்லை. இதைப் படிவத்தில் எந்தத் தலைப்பில் எழுதுவது?

மார்ச் 15, சனி

காசு கொடுத்து ஒரு மெக்கானிக்கை அழைத்துப் போனேன். அவரும் மரக்கடைக்காரரும் ஒருவரையொருவர் பார்த்தவுடன், முன்பின் அறியாதவர்கள் போல் மிகுந்த கவனத்தோடு வணக்கம் சொல்லிக்கொண்டார்கள். பிறகு மெக்கானிக் டயரை உதைத்துப் பார்த்தார்.

“கண்ண மூடிட்டு வாங்கலாம் மேடம்.”

பரிசோதகர் அறிக்கைகளில் நான் படித்த மிக நேர்மையான வரி.

மார்ச் 16, ஞாயிறு

குண்டூசிக்குப் போன் செய்தேன். “சனிக்கிழமை காலைல ஒரு மணி நேரம் வருவியா, ஒரு வண்டிய மிதிக்கணும்.” அந்தப் பக்கம் இரண்டு குழந்தைகளும் அழுதன. “யார மிதிக்கணும்?” என்றாள். சிரித்தேன். அவள் போன பிறகு அலுவலகத்தில் சிரித்தது நினைவில்லை. அதனால் இதை எழுதி வைக்கிறேன்.

மார்ச் 22, சனி

சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே போய்விட்டோம். பானெட் இந்தத் தடவை குளிர்ந்திருந்தது. மரக்கடைக்காரர் பல் துலக்கிக்கொண்டிருந்தார். குண்டூசி வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தாள்.

“இது நம்ம பழைய மேனேஜர் மாதிரியே இருக்குடி. முன்னாடி பார்த்தா பெருசா இருக்கு. பின்னாடி போய்ப் பார்த்தா ஒண்ணுமில்ல.”

ஏறி உட்காரச் சொன்னேன்.

“அய்யோ, நான் அதுல காலே வைக்க மாட்டேன். அது பாட்டுக்குக் கிளம்பிப் போயிட்டா? எனக்கு ரெண்டு பேரப்பிள்ளைங்க இருக்கு.”

“எனக்கு யாருமில்ல. நான் உட்கார்றேன்.”

நினைத்ததைவிடக் கூர்மையாக வந்துவிட்டது. அவள் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு பின்னால் போனாள்.

கிளப்பினேன். கொஞ்ச நேரம் ஓடவிட்டு ஓங்கி மிதித்தேன். கொட்டகை அதிர்ந்தது.

“நீலம்! நீலமா வருதுடி! நல்லா நீலம்!”

மரக்கடைக்காரர் வாயில் நுரையோடு ஓடிவந்தார். “காலைப் பனில எல்லாம் நீலமாத்தாம்மா தெரியும்.”

“உங்க பனியன் மட்டும் அழுக்காவே தெரியுதே, அது எப்படி?”

பக்கக் கண்ணாடியில் எனக்குத் தெரிந்தது சுவரும் குண்டூசியின் முழங்கையும். இறங்கிப் போவதற்குள் கலைந்துவிட்டது. படம் எடுக்கச் சொல்லி மறுபடி மிதித்தேன். எடுத்தாள்: சாம்பல் நிறத்தில் ஒரு மேகம், பாதிக்கு அவள் கட்டைவிரல். மூன்றாவது தடவைக்கு மரக்கடைக்காரர் சாவியைப் பிடுங்கிக்கொண்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் சொன்னாள்: “வேண்டாம், விட்டுடுடி. தனியா அங்க போய் நீ என்ன பண்ணப்போற? நீ போயிட்டா நான் இங்க யாரோட சண்டை போடுறது?”

நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

மார்ச் 23, ஞாயிறு

கோப்புக் குறிப்பு. பழக்கம் விடவில்லை.

முதல் சாட்சி, உரிமையாளர். விற்றாக வேண்டியவர். நலன் சார்ந்தவர். இரண்டாம் சாட்சி, மெக்கானிக். யாரிடமெல்லாம் கூலி வாங்கினார் என்பது தெளிவில்லை. மூன்றாம் சாட்சி, என் தோழி. நான் போகக் கூடாது என்று விரும்புகிறவர். அதைப் பஸ்ஸில் வாய்விட்டே சொன்னார். நலன் சார்ந்தவர். நலன் சார்ந்த சாட்சியத்தைத் தனி ஆதாரமின்றி ஏற்பதற்கில்லை. ஆதாரம் என்று கிடைத்தது ஒரு கட்டைவிரல்.

வேறொருவரை அழைத்துப் போய் மறுபடி சோதிக்கலாம். யாரை? மார்ச் 11 பார்க்கவும்.

நேற்று அவள் கத்திய விதம்தான் உறுத்துகிறது. ‘நல்லா நீலம்.’ நிறத்துக்கு ஏன் நல்லா? கூடுதல் அழுத்தம் தருகிற சாட்சியை நாங்கள் எப்போதும் சந்தேகிப்போம்.

உண்மையைச் சொன்னால் — அது பொய்யாக இருந்தால் தேவலை என்று இருக்கிறது. இன்ஜினுக்காக மட்டும் இல்லை. என்னைப் போகவிடாமல் தடுக்க ஒருத்தி பொய் சொல்லியிருக்கிறாள் என்றால் —

இதைக் கோப்பில் சேர்க்க வேண்டாம்.

மார்ச் 26, புதன்

வாங்கிவிட்டேன். குண்டூசியிடம் சொன்னேன். “ஓ” என்றாள். பிறகு, “பார்த்து ஓட்டு” என்றாள்.

மே 4, ஞாயிறு

மேலே வந்து நாலாவது நாள். வண்டி ஓடையைத் தாண்டி முனகாமல் ஏறியது. ஏறும்போது அவளிடம் மனதுக்குள் வாதாடிக்கொண்டே வந்தேன். எல்லா வாதத்திலும் நான் ஜெயித்தேன், எதிர்த்தரப்பு ஆஜராகவில்லை.

இங்கே அமைதி என்று எல்லோரும் சொன்னார்கள். சரிதான். பிரிட்ஜ் நின்று மறுபடி ஓடத் தொடங்கும்போது யாரோ வந்துவிட்டதுபோல் திரும்பிப் பார்க்கிறேன்.

மே 19, திங்கள்

அளவுக்கம்பியில் எண்ணெய் கீழ்க்கோட்டுக்கும் கீழே. ஊற்றினேன். போன வாரமும் ஊற்றினேன். பழைய வண்டி, தாகம் இருக்கும். இந்த விளக்கத்தை வேறு யாராவது எழுதி அனுப்பியிருந்தால் சிவப்பு மையில் அடிக்கோடு போட்டிருப்பேன்.

ஜூன் 17, செவ்வாய்

எல்லாம் போச்சு.

நாலைந்து நாளாக மழை. எண்ணெய் பார்க்கவில்லை. மழையில் பானெட்டைத் திறக்கச் சோம்பல் — வேறென்ன சொல்ல. சந்தையிலிருந்து திரும்பும்போது ஓடைக்கு மேலே இரண்டாவது வளைவில் சிவப்பு விளக்கு. வீடு பக்கத்தில்தானே, ஏறிவிடலாம்... ஏன்டி, படித்தவள்தானே நீ? எத்தனை பேருக்கு எழுதியிருக்கிறாய், ‘எச்சரிக்கை விளக்கு எரிந்த பின்னும் வாகனத்தைத் தொடர்ந்து இயக்கியதால்’ என்று? உள்ளே யாரோ இரும்புக் கதவைத் தட்டுவதுபோல் சத்தம். பிறகு நின்றது. அப்படியே நின்றது.

உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். கண்ணாடியெல்லாம் மூச்சுப் படிந்து வெள்ளையாகிவிட்டது. வெளியே மழை இருக்கிறது என்பது காதால்தான் தெரிந்தது. போன் செய்ய அந்த வளைவில் சிக்னல் இல்லை. இருந்திருந்தாலும் யாருக்கு என்ற கேள்வியை மலை என்னிடம் கேட்கவில்லை, நன்றி.

இருட்டுவதற்கு முன் பக்கத்துத் தோட்டத்து டிராக்டர்க்காரர் அந்த வழியாக வந்தார். இழுத்துக்கொண்டுவந்து வாசலில் போட்டார். “எண்ணெ குடிக்கிற வண்டிங்க இது. பின்னாடி வரும்போதெல்லாம் பார்த்திருக்கேனே, நீலமா ஊதும்” என்றார்.

“எங்கிட்ட சொல்லக் கூடாதா?”

“தெரிஞ்சுதான் வாங்கியிருப்பீங்கன்னு நெனச்சேன்.”

ஜூன் 18, புதன்

சந்தைப் பக்கத்து மெக்கானிக் ஒருவர் வந்து பார்த்தார். இன்ஜின் ஜாம். இயல்பான தேய்மானம்.

தண்ணீர்த்தொட்டியருகே நின்றால் சிக்னல் கிடைக்கும். குடையோடு நின்று குண்டூசிக்குப் போன் செய்தேன்.

“வண்டி போச்சு.”

“போச்சுன்னா? நீ எங்க இருக்க?”

“வீட்லதான்.”

“அடி கிடி படலையே?”

“இல்ல.”

“சாப்பிட்டியா?”

“ம்.”

பின்னால் குழந்தைகள் அழுதுகொண்டிருந்தன. யாரோ தூக்கிக்கொண்டு போனார்கள். அவள் குரல் இறங்கியது.

“அன்னைக்கு அந்தச் சத்தத்துல நான் சொன்னது உனக்குச் சரியாக் கேக்கலையோன்னு எனக்கு ஒரே இதுவா இருந்துச்சுடி. கிட்ட வந்து சொல்லியிருக்கணும். பஸ்ல திரும்பச் சொல்லியிருக்கணும். அப்புறம் நீ வாங்கிட்டேன்னு சொன்னப்ப, இனிமே சொன்னா நல்லா இருக்காதுன்னு விட்டுட்டேன். என் தப்புதான்.”

மூன்று மாதம் இதைத் தூக்கிச் சுமந்திருக்கிறாள். ‘ஆமாம், கேட்கவில்லை’ என்று சொன்னால் முடிந்தது. அவளே கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

“கேட்டுச்சு” என்றேன்.

“கேட்டுச்சா?”

“நீ பொய் சொல்றேன்னு நெனச்சேன். நான் போகக் கூடாதுன்னு.”

குடையில் மழை. 

“சரி, வைக்கிறேன். குழந்தை அழுவுது.”

குழந்தை அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கேட்டிருக்கும்.

ஜூன் 29, ஞாயிறு

போன் வரவில்லை. சிக்னல் இருக்கிறது; போய் நின்று பார்த்தேன்.

ஜூலை 6, ஞாயிறு

மெக்கானிக் இரண்டு வழி சொல்கிறார். இந்த இன்ஜினைப் பிரித்துச் சரிசெய்யலாம். அல்லது விபத்தில் நொறுங்கிய வேறொரு வண்டியின் இன்ஜினை எடுத்து மாட்டலாம். “அது நல்லா ஓடிட்டிருந்த வண்டிம்மா.” விபத்து வரை எல்லா வண்டியும் நல்லா ஓடிட்டிருந்த வண்டிதான். பிரிக்கச் சொல்லியிருக்கிறேன், செலவு அதிகம். தெரிந்த நோயோடு இருந்துகொள்கிறேன்.

சாமான்களை டிராக்டர்க்காரர் வாரம் ஒரு தடவை ஏற்றித் தருகிறார். மற்றபடி இறங்கி நடக்கிறேன், ஏறி நடக்கிறேன். வீட்டை விற்றுவிட்டுக் கீழே வந்துவிடக் கூடாதா என்று அக்கா கேட்டாள். பரிசீலனையில் உள்ளது.

ஜூலை 22, செவ்வாய்

ஞாயிற்றுக்கிழமை மதியம் டிராக்டர்க்காரரின் நாய் குரைக்கிற சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். குண்டூசி. ஓடைவரை பஸ், அதற்கப்புறம் நடை. செருப்பு இரண்டும் கையில், முழங்கால்வரை சேறு. வாசலில் பிரித்துப் போட்டிருந்த இன்ஜினைச் சுற்றிக்கொண்டு வந்தாள். அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

“கால் கழுவத் தண்ணி எங்க?” என்றாள். ஒரு மாதத்துக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் வாக்கியம்.

இரண்டு நாள் இருந்தாள். அலமாரி தப்பான சுவரில் இருக்கிறதாம். கத்திகளெல்லாம் மொக்கையாம். எனக்குச் சதை குறைந்திருக்கிறதாம், அது நல்லதுக்கா கெட்டதுக்கா என்று அவளுக்குத் தீர்மானமாகத் தெரியவில்லையாம். நேற்று மழை விட்ட நேரத்தில் ஒரே ஒரு தடவை, வெளியே பார்த்துக்கொண்டே, “நான் பொய் சொல்லியிருப்பேன்டி. நல்ல வண்டியா இருந்திருந்தா சொல்லியிருப்பேன்” என்றாள்.  

இன்று காலை கிளம்பும் முன் பின்னறையில் என்னவோ இழுபடுகிற சத்தம். போய்ப் பார்த்தேன். என் புத்தகப் பெட்டிகளையெல்லாம் ஒரு பக்கச் சுவரோரமாக அடுக்கியிருந்தாள். மறு பக்கம் ஒரு கட்டில் போடுகிற அளவுக்கு இடம்.

“தூசி அடையுது, அதான்” என்றாள்.

ஓடைவரை கூடப் போய் பஸ் ஏற்றிவிட்டு, தனியாக ஏறி வந்தேன். பெட்டிகள் அவள் வைத்த இடத்திலேயே இருக்கின்றன. காலியான பக்கத்தை மட்டும் கூட்டித் துடைத்தேன்.