தலை நிமிராமல் தட்டச்சு செய்த பத்து நிமிடம்

அனுப்புநர்:
தேர்வு எண் 0417,
தற்காலிகத் தட்டச்சர் (பதினோரு ஆண்டுகளாக),
கடிதப் பிரிவு, முதல் தளம்.

பெறுநர்:
இணை இயக்குநர் அவர்கள்,
தேர்வுப் பிரிவு, மூன்றாம் தளம்.

பொருள்: தமிழ்த் தட்டச்சுத் தேர்வில் என் தாளுக்குப் பூஜ்யம் வழங்கப்பட்டது – மறுபரிசீலனை கோருதல் – மூன்றாவது மனு.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பணி நிரந்தரத்துக்கான தட்டச்சுத் தேர்வைச் சென்ற மாதம் ஒன்பதாம் தேதி, ஏழாம் எண் கணினியில் எழுதினேன். எனக்கு முன் அதே கணினியில் ஒருவர் ஆங்கிலத் தேர்வு எழுதிவிட்டுப் போயிருக்கிறார். விசைப்பலகையைத் தமிழுக்கு மாற்றி வைப்பது அறைக் கண்காணிப்பாளரின் வேலை. அவர் மாற்றவில்லை. தேர்வர் எந்த அமைப்பையும் தொடக்கூடாது என்று சுவரில் ஒட்டியிருந்தது.

2. மணி அடித்ததும், தமிழ்ப் பலகையின் நடு வரிசையான ‘யளனக’ விசைகளில் விரல்களை வைத்தேன். அடித்து முடிக்கும்வரை என் கண் வினாத்தாளை விட்டு அகலவில்லை. விசையையும் பார்க்காதே, திரையையும் பார்க்காதே என்றுதான் எங்களுக்கெல்லாம் கற்பித்திருக்கிறார்கள். பார்த்தால் வேகம் போய்விடும். பத்து நிமிடத் தேர்வை ஒரு நிமிடம் மீதமிருக்க முடித்தேன். அப்போதாவது திரையைப் பார்த்திருக்கலாமே என்று தாங்கள் கேட்கலாம். அந்த ஒரு நிமிடமும் கண்ணை மூடிக்கொண்டு, மகளிடம் இதை எப்படிச் சொல்லலாம் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன், ஐயா.

3. நிமிர்ந்தபோது திரை முழுக்க ஆங்கில எழுத்துகள். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. கண்காணிப்பாளரைக் கூப்பிட்டேன். “என்னம்மா, திரையைப் பார்க்காம யாராச்சும் அடிப்பாங்களா?” என்றார். தட்டச்சுத் தேர்வு அறையில் இப்படி ஒரு கேள்வி கேட்டவர் அவர் ஒருவராகத்தான் இருப்பார். அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

4. அந்தத் தாள் குப்பை அல்ல. எந்த விசையில் எந்த ஆங்கில எழுத்து, எந்தத் தமிழ் எழுத்து என்பது எல்லாருக்கும் தெரிந்ததே. நகல் வாங்கி, எழுத்துக்கு எழுத்து மாற்றி எழுதி இணைத்துள்ளேன். இரண்டே பிழைகள். இத்தேர்வுக்கு வயது வரம்பு நாற்பது. வரும் மாதம் எனக்கு நாற்பது முடிகிறது. அடுத்த தேர்வு ஓராண்டு கழித்து.

5. முதல் மனுவை ஏன் நிராகரித்தீர்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. அந்தப் பதிலை அடித்தவளே நான்தான். தங்கள் பிரிவின் வரைவுகள் தட்டச்சுக்கு எங்களிடம்தானே வருகின்றன? அன்று வந்த முப்பதில் அதுவும் ஒன்று. வழக்கம்போல் கண் வரைவில், விரல் விசையில். ‘விதிகளில் இடமில்லை’ என்ற வரியைப் பதினோரு ஆண்டுகளாக அடித்துப் பழகிய கை, யோசிக்காமல் அடித்துக்கொண்டே போனது. குறிப்பாணைகளில் கடைசியில் வரும் பெறுநர் என்ற இடத்தில் என் தேர்வு எண்ணைப் பார்த்ததும்தான் நின்றது. பிறகு அதையும் அடித்தேன். ஒரு பிழையும் இல்லை. இரண்டாவது மனுவுக்கும் அதே பதில்தான் வந்தது. தேதி மட்டும் வேறு.

6. ஆகவே பெரிய நம்பிக்கை வைத்து இதை எழுதவில்லை. இணைப்பை யாரேனும் ஒருவர் ஒரே ஒரு முறை படித்துப் பார்க்கத் தாங்கள் உத்தரவிட வேண்டும். அதற்கும் விதிகளில் இடமில்லையென்றால், இம்மனுவுக்கான பதிலை மட்டும் வேறு தட்டச்சரிடம் கொடுத்து அடிக்கச் சொல்லுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இணைப்பு: மாற்றி எழுதிய தாள், இரண்டு பக்கம்.

நாள்: 14, திங்கட்கிழமை
இடம்: கடிதப் பிரிவு

தங்கள் அலுவலகத்திலேயே பணிபுரியும்,
(ஒப்பம்)
தேர்வு எண் 0417