மூன்றாவது தாள்

பீரோவை ஒழிக்கையில் உங்கள் இரண்டாவது தாள் கிடைத்தது. மடித்து வைத்த நீளக் காகிதம். ஓரங்கள் பழுத்துவிட்டன, மூளை அலைக் கோடுகள் தெளிவாகவே இருக்கின்றன. விரித்ததும், தலையில் கம்பி ஒட்டும் பசையின் வாடை லேசாக வந்தது. எனக்குத் தோன்றியதாகவும் இருக்கலாம். ஓரத்தில் பென்சிலில் என் கையெழுத்து: ‘நடக்கையில் கால் தடுமாறுகிறதாம்.’

ஆறு வருடமாகிறது. தர்மபுரியில் ஒரு வாடகை அறையில், வலிப்புக்கான புது மாத்திரை ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தோம். பன்னிரண்டு பேர். மாத்திரை தொடங்குமுன் ஒரு பதிவு, ஆறாவது வாரம் ஒன்று, பன்னிரண்டாவது வாரம் ஒன்று. டாக்டர் கோடுகளைப் படிப்பார். எண்களை அலசுவது என் வேலை.

முதல் தடவை பாப்பாரப்பட்டியிலிருந்து கணவரோடு வந்தீர்கள், தலை நிறைய எண்ணெயோடு. சீயக்காய் போட்டு அலசி வரச் சொல்லியிருந்தோமே என்றேன்.

“எண்ணெ வெக்காத தலையோட பஸ் ஏறுனா, யாரு வூட்டு எழவுக்குன்னு கேப்பாங்க டீச்சர்.”

எழுதிக்கொண்டே இருந்ததால் நான் உங்களுக்கு டீச்சர். பின்பக்கக் குழாயில் தலையை அலசி வந்து படுத்தீர்கள். பேனாக்கள் ஓடத் தொடங்கியதும், மாமியாரை நினைத்தால் அந்தக் காகிதத்தில் தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியாது என்றேன். “அப்பச் சரிங்க.” அதிகம் சிரிக்காத நானும் சிரித்துவிட்டேன். நீங்களும் சிரித்ததால் அந்த இடத்தில் மட்டும் கோடுகள் தாறுமாறாக இருந்தன.

இரண்டாவது பதிவில் அலைகள் அடங்கியிருந்தன. வலிப்பும் வரவில்லை. கால் நிலையில்லாமல் போவதை நீங்கள் சொன்னபோது, பதிவு நன்றாக இருக்கிறதே என்றேன்.

“காயிதம் நல்லா இருக்குதுங்களா? அப்ப என் கால்லதான் கோளாறுங்க.”

அதை டாக்டரிடம் சொல்லியிருக்க வேண்டும். ஓரத்தில் குறித்ததோடு விட்டுவிட்டேன். என் அட்டவணையில் கால்களுக்குக் கட்டம் இல்லை.

மூன்றாவது முறை உங்கள் கணவர் மட்டும் வந்தார். “அவளால பஸ் ஏற முடியலீங்க. அடுத்த வாரம் வண்டி கட்டிக் கூட்டியாரட்டுங்களா?”

நான் பொறுமையாக விளக்கினேன். இங்கே ஒருவரை இன்னொருவரோடு ஒப்பிடவில்லை. ஒவ்வொருவரையும் அவரவருடைய முந்தைய பதிவோடேயே ஒப்பிடுகிறோம். அதனால் இடைவெளி எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும், ஒரு வாரம் தள்ளினாலும் கணக்கு கெடும் என்றேன். “அப்படிங்களா” என்று துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். ஏன் ஏற முடியவில்லை என்று நான் கேட்கவில்லை.

நான் படித்த முறையில், ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் அந்த ஆளின் வரிசை முழுவதையும் நீக்க வேண்டும். ஸ்கேல் வைத்து உங்கள் வரிசையை அடித்தேன். மீதிப் பதினொரு பேரில் முடிவு அழகாக வந்தது. தொந்தரவு இல்லாத மாத்திரை என்று அறிக்கை போயிற்று.

சில மாதம் கழித்து உங்கள் கணவர் மாத்திரை பாட்டிலோடு வந்தார். வயல் கிணற்றுப் படியில் விழுந்து நீங்கள் போய்விட்டதாகச் சொன்னார். குரலில் கோபம் இல்லை. “இது உங்களுதுங்க” என்று பாட்டிலை மேசையில் வைத்தார்.

வலிப்பா, கால் தடுமாறியதா, தெரியாது. ஒருவரை வைத்து எதையும் முடிவுகட்ட முடியாது என்று இன்றும் சொல்வேன். ஆனால் பாட்டிலில் மிச்சம் இருந்ததை எண்ணியிருந்தால், நீங்கள் மாத்திரையை நிறுத்திவிட்டீர்களா, கடைசிவரை சாப்பிட்டீர்களா என்றாவது தெரிந்திருக்கும். எண்களே பிழைப்பாக இருந்தவள், அதை எண்ணவில்லை. அறிக்கையைத் திருத்தச் சொல்லி ஒரு கடிதமும் எழுதவில்லை.

இப்போது எந்த ஆய்வானாலும் வராதவர்களுக்கென்று முதலில் ஒரு தாள் ஒதுக்குகிறேன். ஏன் வரவில்லை என்று வீடு தேடிப் போய்க் கேட்டு எழுதுகிறேன். நாள் தவறி வருபவரையும் உட்காரச் சொல்கிறேன். எந்த நாளில் வந்தார் என்பதை உள்ளபடி குறித்துக்கொண்டால் போதும், மீதியைக் கணக்கே பார்த்துக்கொள்ளும். அன்றைக்கும் அவ்வளவுதான் செய்ய வேண்டியிருந்தது. அடுத்த வாரம் வண்டி கட்டி வந்திருப்பீர்கள்.