தாய்மாமன் சீராக வந்த உருளை மிஷின்

காளவாசல், மதுரை
23-5-1987

தம்பி மருதுவுக்கு,

ஜெயக்கொடி எழுதுவது. நலமா என்று கேட்டுவிட்டுத்தான் கடிதத்தை ஆரம்பிக்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். எனக்கு இன்றைக்குக் கேட்க மனசில்லை. நீ நன்றாகத்தான் இருப்பாய். ஊரே வேடிக்கை பார்க்க மருமகனுக்கு லாரியில் சீர் இறக்கிவிட்டு, மறுநாளே பம்பாய்க்கு ரயிலேறிப் போனவனுக்கு என்ன குறை வரப்போகிறது?

நீ போன பிறகு இங்கே நடந்ததெல்லாம் உனக்குத் தெரிய வேண்டும். பாதி படித்ததும் கோபம் வந்து கிழித்துப் போடுகிற புத்தி உனக்கு உண்டு. இந்தத் தடவை அதைச் செய்யாதே. கோபப்பட வேண்டியவள் நான். உன் கோபத்தைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டுப் படி.

அந்த மிஷின் நமக்கு எதற்கு என்பதே உனக்கு மறந்து போயிருக்கும், அதனால் சொல்கிறேன். உன் மச்சான் வேலை செய்கிற விதம் உனக்குத் தெரியும். பட்டறையில் கார்புரேட்டரைத் திருகிவிட்டு, வண்டியை உசிலம்பட்டி ரோட்டுக்குக் கொண்டுபோய், போகிற வரை விரட்டிப் பார்ப்பார். திரும்பி வந்து மறுபடி திருகுவார். மறுபடி விரட்டுவார். போன தை மாசம் செல்லம்பட்டிக்கு இந்தப் பக்கம் கொள்ளுச் செடியைப் பிடுங்கி ரோடு முழுக்கப் பரப்பி வைத்திருந்தார்கள், போகிற வண்டி மிதித்து மணி உதிரட்டும் என்று. நம்ம ஊரில் யார்தான் அப்படிப் பரப்பாமல் இருக்கிறார்கள்? அதன்மேல் டயர் வழுக்கி, வண்டி புளியமரத்தில் போய் நின்றது. கதவை வெட்டித்தான் அவரை வெளியே எடுத்தார்கள். காலில் பிளேட் வைத்திருக்கிறது. இன்னும் நொண்டித்தான் நடக்கிறார்.

டைனமோமீட்டர் என்ற பேச்சே அதற்குப் பிறகுதான் எங்கள் வீட்டில் வந்தது. காரை உருளைமேல் ஏற்றிக் கட்டிப் போட்டுவிட்டால், நின்ற இடத்திலேயே எவ்வளவு வேகமும் ஓட்டலாம். எஞ்சின் எவ்வளவு இழுக்கிறது என்று முள் காட்டிவிடும். ரோட்டுக்கே போக வேண்டாம். கோயம்புத்தூரில் ஒரு ரேஸ்காரர் பட்டறையில் அதைப் பார்த்துவிட்டு வந்து உன் மச்சான் சொன்னார். அவரைவிட எனக்குத்தான் அதன்மேல் ஆசை வந்தது. ஹார்ஸ் பவரைத் தெரிந்து நான் என்ன செய்யப் போகிறேன்? என் புருஷன் சாயங்காலம் முழுசாக வீடு வந்து சேர வேண்டும். அம்புட்டுத்தான்.

மூடிப் போன கம்பெனிகளின் மிஷின்களை வாங்கி விற்கிற இடத்தில் நீ வேலை பார்ப்பதால், உனக்கு எழுதலாம் என்று அவரே சொன்னார். அதுவே எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா? நம்ம பட்டறையில் நீ இருந்தபோது, வந்திருந்தவர்கள் முன்னால் அவர் உன்னைச் சொன்ன சொல் இரண்டு பேருக்குமே மறக்கவில்லை. “இவன் எஞ்சினைப் பாக்க மாட்டான், தன்னை யாரு பாக்குறாங்கன்னுதான் பாப்பான்” என்றார். நீ ஸ்பேனரை வீசிவிட்டுப் போனாய். நான் உன் பக்கம் நின்றேன். என் தம்பியை அப்படிச் சொல்ல நீங்கள் யார் என்று கேட்டு, அவர் முகம் பார்த்துப் பேசாமல் கிடந்தேன். அந்த மனுஷன் நாலு வருஷம் கழித்து உன்னிடம் ஒன்று கேட்டால், அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்கு விளங்க வேண்டாமா?

அவர் சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன். ஒன்றும் பூடகமாக எழுதவில்லை. மாருதி சக்கரம் சின்னது, அதனால் உருளை இரண்டும் நெருக்கமாக இருக்க வேண்டும் என்று எழுதினேன். ஓடுகிற உருளையைத் தண்ணீரால் பிரேக் பிடிக்கிற மிஷின் வேண்டவே வேண்டாம், சித்திரையில் காளவாசலில் குடிக்கவே தண்ணீர் கிடையாது, கரண்டில் பிரேக் பிடிக்கிறதாகப் பார், கரண்ட் போனால் பேட்டரி வைத்தாவது சமாளித்துக்கொள்ளலாம் என்று எழுதினேன். பியட்டும் மாருதியும்தான் நமக்கு வருகிறது, சின்ன எஞ்சினின் கூடுதல் குறைச்சலைக் காட்டுகிற முள்ளாக இருக்கட்டும் என்றும் எழுதினேன்.

நீ பதில் போட்டாய். பணம் எதுவும் அனுப்ப வேண்டாம், மருமகன் பேயாண்டி காதுகுத்துக்குத் தாய்மாமன் சீராக நானே கொண்டு வருகிறேன் என்று. அதைப் படித்துவிட்டு நான் அழுதேன், மருது. இப்போது நினைத்தால் அந்தக் கண்ணீரைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

கொண்டுதான் வந்தாய். லாரிக்கு இரண்டு பக்கமும் வாழைமரம், முன்னால் கொட்டு, வழியெல்லாம் வெடி. கோயில் திடலில் மைக்கைப் பிடித்தவன், தாய்மாமன் மருது பம்பாயிலிருந்து கொண்டுவந்த மிஷின் என்று தொண்டை கிழியக் கத்தினான். கிழவர்கள் உருளையைத் தட்டிப் பார்த்துவிட்டு, கரும்பு ஆட்டவா என்று கேட்டார்கள். நீ நடுவில் மாலையோடு நின்றாய். நான் உன்னைப் பார்க்கவில்லை, உன் மச்சான் முகத்தைப் பார்த்தேன். பார்த்த மாத்திரத்தில் அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் சபையில் வந்த சீரை யாராவது குறை சொல்வார்களா? கையெடுத்துக் கும்பிட்டு, அதற்குச் சந்தனத்தைத் தடவிவிட்டு நின்றார். வாயைத் திறக்க முடியாத இடமாகப் பார்த்துத்தான் நீ அதைக் கொண்டுவந்து இறக்கினாய்.

அது காருக்குச் செய்ததில்லை, லாரியை மேலே ஏற்றிப் பார்க்கிற மிஷின். நமக்கு வேண்டிய அளவுக்கு அவர் தோண்டி வைத்திருந்த குழிக்குள் அது பாதிகூடப் போகவில்லை. குழியை அகலப்படுத்திச் சுவரை இடித்து, கிரேன் வைத்து இறக்கினோம். இப்போது பட்டறையில் முக்கால்வாசி அதுதான் படுத்திருக்கிறது. வேலைக்கு வருகிற வண்டிகளை வெயிலில் நிறுத்தி வேலை பார்க்கிறார்.

முதல் வண்டி கோரிப்பாளையத்து டாக்டரின் புது மாருதி. ஆசையாக ஏற்றினார்கள். முன்சக்கரம் இரண்டும் உருளைகளுக்கு நடுவில் இறங்கி, வாய்க்காலில் விழுந்த கன்றுக்குட்டி மாதிரி வண்டி மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது. அடித்தகடு நசுங்கிவிட்டது. டாக்டர் தங்கமான மனுஷர். சத்தம் போடவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு போனார், பிறகு வரவில்லை.

பியட்டுக்குச் சக்கரம் கொஞ்சம் பெரிது, அது நின்றது. முழு வேகத்தில் மிதித்தும் முள் அடியை விட்டுக் கொஞ்சம் தலையைத் தூக்கியதோடு சரி. கார்புரேட்டரில் எதை மாற்றினாலும் முள்ளுக்கு ஒன்றும் தெரியவில்லை. மூட்டை நிறுக்கிற தராசில் தோட்டை வைத்து நிறுத்த கதைதான். அந்த லட்சணத்துக்கு, அதன் தண்ணீர் பிரேக்குக்காக ஒரு டேங்கர் தண்ணீர் வாங்கி ஊற்றினோம். அது கொதித்துக்கொண்டு தெருவில் ஓட, குடத்தோடு காத்துக் கிடந்த பொம்பளைகள் எல்லாரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். நாங்க குடிக்கத் தண்ணியில்லாம கெடக்குறோம், நீங்க காருக்கு வெந்நி வச்சுக் குளிப்பாட்டுறீங்களா என்று கேட்டார்கள். நியாயம்தானே? என் தம்பி சீர் செய்திருக்கிறான் என்று சொல்லவா?

இம்புட்டையும் நான் பொறுத்துக்கொண்டேன். பாவம், தெரியாமல் வாங்கிவிட்டான், அவனுக்கு என்ன கார் தெரியும் என்று வருகிறவர்களிடமெல்லாம் உனக்காகப் பேசினேன். போன வாரம் உன் கூட்டாளி சங்கிலி வந்தான், லாரியோடு உன்னுடன் வந்தவன். கிரேன் வைத்து இறக்கிய கதையைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தவன், பேச்சுவாக்கில் சொன்னான். பம்பாயில் நீ வேலை பார்க்கிற இடத்தில் இரண்டு மிஷின் கிடந்ததாம். ஒன்று சின்னது. உருளை நெருக்கம், கரண்ட் பிரேக், காருக்கென்றே செய்தது, இன்னும் அங்கேயேதான் கிடக்கிறதாம். நீ என் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதை அளந்துகூடப் பார்த்தாயாம். பார்த்துவிட்டு, இதை லாரியில வச்சுக் கொண்டு போனா எவன் கண்ணுக்குத் தெரியும் என்று கேட்டாயாம்.

எவன் கண்ணுக்குத் தெரியும்! என் காது இரண்டாலும் அதைக் கேட்டேன், மருது. நாலு வருஷத்துக்கு முன்னால் அவர் உன்னைச் சொன்ன சொல் பொய் என்று நான் சண்டை போட்டேனே, அதை நீ பம்பாயில் உட்கார்ந்துகொண்டு மெய்யாக்கிவிட்டாய். எனக்கு வந்த ஆத்திரத்தில் உன் சீர்த்தட்டுகளை எல்லாம் தெருவில் எறிந்திருப்பேன். சங்கிலி பயந்துபோய் காப்பிகூடக் குடிக்காமல் போய்விட்டான்.

அன்றைக்கே லாரி பேசி மிஷினை உனக்குத் திருப்பி அனுப்பப் போகிறேன் என்றேன். அம்மா உசிலம்பட்டியிலிருந்து பஸ் ஏறி ஓடி வந்தது. பொறந்த வீட்டுச் சீரைத் திருப்பி அனுப்புனவ தம்பியைத் தலைமுழுகினவ, அப்புறம் நல்லதுக்கும் கெட்டதுக்கும் எவன் வந்து நிப்பான் என்று சொல்லி, என் வீட்டில் பச்சைத்தண்ணீர்கூடத் தொடாமல் திரும்பிப் போய்விட்டது. உன்னை அது ஒரு வார்த்தை சொல்லவில்லை. உன்னை எப்போது சொல்லியிருக்கிறது?

உன் மச்சான் அதற்கு மேல். இரும்புக்காக அக்கா தம்பி முறிஞ்சு போக வேணாம், நான் ரோட்டுலயே பாத்துக்கிறேன் என்கிறார். ராத்திரி அந்த மிஷினைத் தடவிப் பார்த்துவிட்டு, லாரிக்காரனுக்கு இதைவிட நல்ல சரக்குக் கிடைக்காது, மாப்ளைக்கு இரும்பு பார்க்கத் தெரிந்திருக்கிறது என்று வேறு சொன்னார். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு பூரித்துப் போகாதே. தெரிந்தவன் செய்தால்தான் அது துரோகம்.

நான் யோசித்துப் பார்த்தேன். நான் பெரியவளானபோது நம்ம மாமா கொண்டுவந்த வளையல் என் கைக்கு ஏறவில்லை, உனக்கு ஞாபகம் இருக்காது, நீ சின்னப் பையன். மாமா சிரித்துக்கொண்டே அதைத் தன் துண்டில் முடிந்து கொண்டுபோய், மறுநாள் பெரிய அளவில் மாற்றிக்கொண்டு வந்தார். சீர் திரும்பிப் போனது என்று ஒருத்தரும் சொல்லவில்லை. அளவு மாற்றப் போனது என்றுதான் சொன்னார்கள். நான் அனுப்பினால்தான் அது முறிவு. கொடுத்தவனே வந்து எடுத்துப் போனால் அதற்குப் பெயர் வேறு. அம்மாவிடம் ஆள் விட்டுக் கேட்டேன். அம்மாவாலும் அதில் குற்றம் சொல்ல முடியவில்லை.

ஆகவே நீ வர வேண்டும். சங்கிலியை அனுப்பினால் ஆகாது, பணம் அனுப்பினாலும் ஆகாது. நீயே லாரியில் வந்து, உன் கையால் இந்தப் பெரிய மிஷினைக் கட்டித் தூக்கி, அந்தச் சின்ன மிஷினை இறக்கிவிட்டுப் போக வேண்டும். ராத்திரியோடு ராத்திரியாகக் காரியத்தை முடித்துவிடலாம் என்று கணக்குப் போடாதே. பகலில், கடையெல்லாம் திறந்திருக்கும்போது வா. கொட்டு வேண்டாம், வாழைமரம் வேண்டாம். நாலு பேர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். உன்னை நாலு பேர் பார்ப்பதற்காக நான் கொடுத்த விலை போதும், இப்போது எனக்காக நாலு பேர் பார்க்க நில்.

வரமாட்டாய் என்றால் அதையும் எழுதிவிடு. அடுத்த லாரியை நானே பேசுகிறேன். அம்மா சொன்னது நடக்கட்டும். தம்பி இருக்கிறான் என்று சொல்லிக்கொள்வதற்காக நான் தாலியைப் பணயம் வைக்க முடியாது.

பேயாண்டிக்குக் காதுப் புண் இன்னும் ஆறவில்லை. எண்ணெய் போட விடமாட்டேன் என்கிறான். உன் மடியில் உட்கார்ந்து குத்திக்கொண்டபோது அழாதவன், என் மடியில் உட்கார்ந்து அழுகிறான். மாமா எப்ப வரும் என்று என்னைக் கேட்கிறான். உன்னைத்தான் கேட்க வேண்டும்.

மத்தியானம் பியட்டை எடுத்துக்கொண்டு அவர் உசிலம்பட்டி ரோட்டுக்குப் போனார். அந்தக் காலை வைத்துக்கொண்டு பிரேக்கை எப்படி மிதிக்கிறாரோ தெரியாது. விளக்கு வைத்தாகிவிட்டது, இன்னும் காணோம். இதை எழுதுகிற நேரம் முழுக்க ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் எழுந்து வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்துதான் எழுதுகிறேன். நீ என்ன திட்டினாலும் திட்டிக்கொள். ஆனால் கிளம்பு. நம்ம சாமி உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
ஜெயக்கொடி

பேருக்கு முன்னால் ‘உன் அக்கா’ என்று போடாததைக் கவனித்திருப்பாய். நீ வந்து இறங்கு, போட்டுக்கொள்கிறேன்.

கடிதத்தை ஒட்டப் போகும்போது சத்தம் கேட்டது. வந்துவிட்டார். கை காலெல்லாம் புழுதி, வேறு ஒன்றும் இல்லை. நாளைக்கு ஒரு அம்பாசிடர் வருகிறதாம், அதையும் ரோட்டில்தான் பார்க்க வேண்டும் என்கிறார். இன்றைக்கு வந்துவிட்டார், மருது.